தைத்தது மட்டும் நான்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள், அவர் எனக்காக வெட்கப்படுவார். தனக்காக அல்ல, எனக்காக. அவர் அப்படிப்பட்டவர். நான் எப்படிப்பட்டவள் என்பதும் இதில் வரும். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி மட்டும் எழுதப் பலமுறை முயன்றேன், முடியவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் மொன்றியலின் வடக்கே ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம், அதில் ஐந்தாம் மாடி. ஆண்களின் காற்சட்டைகள் தைத்தோம். அக்கா பொக்கெற் தைப்பவர், நான் இடுப்புப் பட்டி. எனக்கு இருபத்துநான்கு வயது. பதினைந்தில் வந்து இங்கே பள்ளிக்கூடம் போனதால் பிரெஞ்சு ஓடும். அக்காவுக்கு நாற்பத்தைந்து இருக்கும், மன்னார்ப் பக்கத்தவர். கலியாணம் கட்டவில்லை. கார்ட்டியர்வில்லில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் தனியாக இருந்தார். 'பொன்ஜூர்', 'மெர்சி' என்ற இரண்டையும் தாண்டி அவருக்குப் பிரெஞ்சு இல்லை. வீட்டுக்கு வரும் கடிதங்களை நான் வாசித்துச் சொல்வேன். டொக்டரிடம் கூடப் போவேன். மேலாளர்கள் ஏதாவது கேட்டால் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். இந்த நாட்டில் அவருடைய வாய் நான்தான் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தோற்றுப்போன முகத்தோடு ஒருவர் வீட்டுக்குப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தையல் வரிசையில் புதிதாக ஒரு பெண் வந்தால், வளைவான பொக்கெற் கட்டுகளைத் தான் எடுத்துக்கொண்டு, நேராகத் தைக்கும் கட்டுகளை அவள் பக்கம் தள்ளிவிடுவார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தள்ளுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். புதிதாக வந்தவள் முதல் கிழமையில் ஒன்றையாவது சரியாகத் தைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை வரமாட்டாள் என்றார்.

எங்கள் மாதா கோயில் ஒன்றுகூடலில் சிறுவர்களுக்கான விளையாட்டுகளை அவரிடம் விட்டுவிடுவார்கள். சங்கீதக் கதிரை அவருக்குப் பிடிக்காது. ஒரு பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரையும் வெளியே போகச் சொல்லும் விளையாட்டு என்பார். ஆனால் பிள்ளைகளுக்கு அதுதான் வேண்டும். ஆகவே அவர் ஒரு மாற்றம் செய்தார். முதலில் வெளியேறும் பிள்ளைதான் இனிப் பாட்டை நிறுத்தும் ஆள். அடுத்தது வெளியேறும் பிள்ளை எந்தக் கதிரையை எடுப்பது என்று தீர்மானிக்கும். கொஞ்ச நேரத்தில் வெளியேறுவதற்கே பிள்ளைகள் போட்டி போட்டார்கள்.

துணி வெட்டும் பகுதிக்கு மேலாளராக ஜில் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, அடர்ந்த மீசை, சத்தமாகச் சிரிப்பார். வெள்ளிக்கிழமைகளில் பொக்கெற் துணியின் வெட்டு மிச்சங்களைக் குனிந்து பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டு போவார். அக்கா பல கிழமைகளாக அதைக் கவனித்துவிட்டு, ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆற்றுக்கு அப்பால், லொங்குய்ய்யையும் தாண்டி, வயல்களுக்கு நடுவே துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் தான் உறுப்பினர் என்றார் ஜில். அங்கே பாதிப் பேர் சாதாரணச் சின்ன ரைபிளால் சுடுவார்கள். இவரும் வேறு சிலரும் இருநூறு வருடத்துக்கு முந்திய மாதிரித் துப்பாக்கிகளால் சுடுவார்கள். குழலின் வாயால் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் துணித்துண்டில் பொதிந்து, கோலால் இடித்து உள்ளே இறக்க வேண்டுமாம். அந்தத் துண்டுக்கு எங்கள் பொக்கெற் துணியைப் போல நல்ல பருத்தி கடையில் கிடைக்காதாம்.

இதையெல்லாம் நான் கையைக் காலை ஆட்டித் தமிழில் விளக்க, அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இடியன் துவக்கு எண்டு சொல்லன் பிள்ளை," என்றார் கடைசியில்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜில்லின் மேசையில் ஒரு பை இருந்தது. எல்லாம் வட்டமாக, ஒரே அளவில், நூல் பிரியாமல் பல்லுக் கத்திரியால் வெட்டிய துண்டுகள். ஜில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த ஞாயிறே எங்கள் இருவரையும் கழகத்துக்கு வரச் சொன்னார்.

ஏப்ரல் மாதம். பனி கரைந்து எங்கும் சேறு. காதுக்கு மாட்ட எங்களுக்கு ஒவ்வொரு கவசம் தந்து, சுடுபவர்கள் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள். எதிரே தூரத்தில் உயரமான மண் அணை, அதற்கு முன்னால் வட்டம் போட்ட கடதாசிகள். அந்தத் துப்பாக்கி வெடித்ததும் ஒரு வெள்ளை மூட்டமே எழுந்து சுட்டவரின் முகத்தை மறைத்தது. அவர் குனிந்து புகைக்குக் கீழால் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் தொலைநோக்கியில் பார்த்து ஏதோ சொன்னார். நான் வெடிச்சத்தத்தில் ஒவ்வொரு முறையும் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சுட்டவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஜில்லின் வண்டியில் பின்னால் இருந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"சுடுறவருக்குத் தெரியுதில்லை, பாத்தியே. மற்றவை சொல்லித்தான் அறியினம். தான் அடிச்சதைத் தானே காண வேணும். இல்லாட்டி என்ன சந்தோசம்."

மறுநாள் தேநீர் இடைவேளையில் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவு சின்னப் பை. உள்ளே, நாங்கள் துணியில் கோடு போடும் நீலச் சோக்கைப் பொடியாக்கி நிரப்பியிருந்தார். குண்டு பட்டால் பை கிழிந்து நீலம் பறக்கும், வெள்ளைப் புகைக்கு மேலால் தெரியும் என்றார். நான் அதை ஜில்லிடம் கொண்டுபோனேன்.

பிரெஞ்சில் 'ஓன்' என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது. 'நாங்கள்' என்றும் பொருள் வரும், 'யாரோ' என்றும் வரும். இங்கே எல்லாரும் வாய்க்கு வாய் அதைத்தான் சொல்வார்கள். அக்கா 'நான் யோசிச்சனான்' என்று தமிழில் சொன்னதை நான் அந்தச் சொல்லைப் போட்டு 'யோசித்தோம்' என்று பிரெஞ்சில் சொன்னேன். அன்று அதில் கள்ளம் இருக்கவில்லை. வேகமாகப் பேசும்போது வாயில் வந்தது, அவ்வளவுதான். ஜில் என்னைப் பார்த்து, கெட்டிக்காரி என்றார். அதைத் திருத்த வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் வேலை மணி அடித்துவிட்டது.

அந்தக் கோடையில் கழகத்தின் குடும்ப நாளை நடத்தும் முறை ஜில்லுக்கு வந்தது. வட்டக் கடதாசியை வைத்தே வருடக்கணக்காக நடத்தியதில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள், ஒரே மனிதர்தான் ஒவ்வொரு வருடமும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று கவலைப்பட்டார். நான் அக்காவிடம் சொன்னேன். அக்காவுக்கு ஒரு கிழமை போதுமாக இருந்தது.

சின்ன ரைபிள்காரர்களுக்கு நூலில் பிஸ்கற் கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் ஆடும், பட்டால் நொறுங்கிவிழும். நன்றாய்ச் சுடத் தெரிந்தவனையும் காற்று கொஞ்சம் ஏமாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். இடியன்காரர்களுக்குச் சீட்டுக்கட்டு. பலகையில் சீட்டுகளைக் கவிழ்த்துக் குத்திவைத்தார், முதுகுதான் தெரியும். ஆளுக்கு ஐந்து வெடி. எல்லாரும் சுட்டு முடிந்த பிறகு பட்ட சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துப் புள்ளி போட வேண்டும். புள்ளி எங்கள் ஊர் 'முன்னூற்று நாலு' சீட்டு விளையாட்டின்படி. அதில் ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது. இராசாவுக்கு மூன்று, இராணிக்கு இரண்டு. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. இராசாவை விட ஒன்பது பெரிதென்று விளக்க எனக்குத் தொண்டை வற்றியது. அவர்கள் நம்பாமல் சிரித்தார்கள். பிறகு அதுவே அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது.

கழகத்தில் கை நடுங்கும் முதியவர் ஒருவர் இருந்தார். மனைவி இறந்த பிறகு, சுட வருவதாகச் சொல்லிக்கொண்டு உண்மையில் கோப்பி குடிக்க வருகிறவர். அன்று அவருடைய ஐந்து வெடியில் இரண்டுதான் சீட்டில் பட்டது. கிண்ணத்துக்காரருக்கு ஐந்தும் பட்டது. திருப்பினால், கிண்ணத்துக்காரருக்கு ஓர் இராசா, இரண்டு இராணி, ஓர் எட்டு, ஓர் ஏழு. மொத்தம் ஏழு புள்ளி. முதியவருக்கு ஒரு ஜாக்கி, ஓர் ஒன்பது. ஐம்பது. அவர் அந்த இரண்டு ஓட்டைச் சீட்டுகளையும் சட்டைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு மாலைவரை எல்லாரிடமும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் என் தோளில் தட்டினார்கள். அக்கா மேசை ஓரத்தில் நின்று உடைந்த பிஸ்கற் துண்டுகளைக் குருவிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஜில் தன் துப்பாக்கியை நீட்டி, ஒரு முறை சுட்டுப் பாருங்கள் என்று சைகையால் கேட்டார். அக்கா சிரித்துத் தலையாட்டி மறுத்துவிட்டார். அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை.

மாரியில் பனிக்கட்டி செய்தார். வெறும் பால்பெட்டிகளில் நிறத்தண்ணீர் ஊற்றித் தன் பல்கனியில் வைத்தால் இரவோடிரவாகக் கல்லாகிவிடும். பெப்ரவரி ஞாயிறொன்றில் அவற்றைக் கொண்டுபோய் மண் அணையின் கீழே வெண்பனியில் வரிசையாக நிறுத்தினோம். முதலாவது பீற்றூட் அவித்த தண்ணீர். வெடி பட்டதும் அது சிதறிப் பனியில் சிவப்பாகத் தெறித்தது. கழகத்தார் எல்லாரும் கைதட்டினார்கள். அக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுடுவதை நிறுத்திக் கோடு திறந்ததும் யாருக்கும் சொல்லாமல் நடந்துபோய், காலால் பனியைத் தள்ளி அந்தச் சிவப்பை மூடினார். மிச்சமிருந்த சிவப்புப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அதன் பிறகு நீலமும் பச்சையும் மஞ்சளும்தான்.

அக்காவின் தம்பியை ஊரில் வீதியில் வைத்துச் சுட்டார்கள் என்பது தொழிற்சாலையில் இருந்த எல்லாத் தமிழருக்கும் தெரியும். யார், ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த மாரி கழிந்து வந்த இலையுதிர் காலத்தில் ஜில் ஒரு பொம்மை கேட்டார். துணி மிச்சத்தை அடைத்து, முகமூடி போட்ட ஒரு கொள்ளைக்காரன். அதைச் சுட்டுவிழுத்தினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றார். நான் அக்காவிடம் சொன்னேன். அவர் தைத்துக்கொண்டிருந்த மெசினை நிறுத்தவில்லை.

"ஏலாது எண்டு மட்டும் சொல்லு. ஏன் எண்டு சொல்லாதை."

நான் ஜில்லிடம் போனேன். ஏன் என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். நானே ஒரு காரணம் உண்டாக்கினேன். சின்னப் பிள்ளைகள் வரும் நாளில் ஆள் உருவத்தைச் சுடுவது அழகில்லை என்று நினைத்தோம் என்றேன். இந்த முறை அந்த 'ஓன்' வாயில் தானாக வரவில்லை, நான் தெரிந்தே போட்டது. ஜில் கொஞ்சம் யோசித்துவிட்டு, உனக்கு நல்ல மனது, எனக்கு இது தோன்றவில்லையே என்றார். அக்காவின் யோசனைகள் என் பேரில் போனது ஒருபக்கம் இருக்கட்டும். அவருடைய அந்த 'ஏலாது' கூட என்னுடையதாகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மெட்ரோவில் எனக்கு முன்னால் இருந்த கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து நின்றேன்.

அடுத்த வருடம் தொழிற்சாலையை மூடப் போகிறார்கள் என்று அறிவித்தார்கள். வேலையெல்லாம் வேறு நாடுகளுக்குப் போய்விட்டது. எங்கள் மாடியில் பெண்கள் கூட்டமாக நின்று அழுதார்கள். நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்மாவோடு இருந்தேன். அம்மாவுக்கு நீரிழிவு. எனக்குத் தையலைத் தவிர வேறு வேலை தெரியாது.

மூடுவதற்கு மூன்று கிழமை இருக்கும்போது, கன்ரீனில் நானும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜில் வந்து என் பக்கத்தில் இருந்தார். கழகத்து நண்பர் ஒருவர் லொங்குய்ய்யில் சின்ன நிறுவனம் வைத்திருக்கிறார் என்றார். பள்ளிக்கூட விளையாட்டு நாள், கம்பனிகளின் ஒன்றுகூடல், முதியோர் இல்லங்கள் என்று எல்லாவற்றுக்கும் புது விளையாட்டுகள் செய்து கொடுப்பவர். குடும்ப நாளில் சீட்டையும் சோக்குப் பையையும் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் யோசித்த மூளை எனக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஜில் தன் நெற்றியில் விரலால் தட்டி, என்னைக் காட்டினார். பிறகு அக்காவைப் பார்த்து, ஊசி இழுப்பதுபோலக் கையால் செய்து, இந்த அம்மா உனக்குத் தைத்துத் தந்தாரல்லவா, அருமையான கைகள் என்றார்.

நான் 'ஓம்' என்று தலையாட்டினேன். ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"என்னவாம்?" என்று அக்கா கேட்டார்.

"கிளப்பில எல்லாரும் உங்களைச் சுகம் விசாரிச்சவையாம், அக்கா."

அக்கா ஜில்லைப் பார்த்து 'மெர்சி' என்றார். பிறகு தன் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த முட்டையில் பாதியை என் பெட்டியில் வைத்தார்.

அவருக்குப் பிரெஞ்சு தெரியாது, உண்மையைச் சொன்னாலும் அவரை எடுத்திருக்க மாட்டார்கள், இருவருக்கும் இல்லாமல் போயிருக்கும். அன்றிலிருந்து நான் எனக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். நித்திரை வராத நாட்களில் இதைச் சொன்னால் வந்துவிடும்.

எனக்கு யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை கிடைத்தது. அக்கா நகரத்தில் ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் சேர்ந்தார். நாள் முழுக்க ஈரப் படுக்கை விரிப்புகளை இழுத்து மடிக்கும் வேலை. முதல் வருடம் அவரிடமிருந்து எடுத்தவை எனக்குப் போதுமாக இருந்தன. பிறகு வற்றிவிட்டது. எனக்கு மெய்யாகவே ஒன்றும் தோன்றாது. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இருப்பேன். ஒருநாள் பயம் முற்றி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். சுகம் விசாரித்துவிட்டு, கோயிலில் வயதானவர்களுக்கு ஒரு விளையாட்டு வைக்கப் போகிறோம், ஏதும் சொல்லுங்கோ அக்கா என்றேன். பந்தை எறியச் சொல்லாதே, உருட்டச் சொல்லு, எறியும்போதுதான் கை நடுங்குவது மற்றவருக்குத் தெரியும் என்றார் அவர். அதை அப்படியே எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். முதியோர் இல்லங்கள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டன. இப்படி நாலைந்து தடவை. ஒவ்வொரு முறையும் கோயிலின் பேரைச் சொன்னேன்.

இரண்டு கோடைகள் கழித்து, ஒரு திங்கட்கிழமை ஜில் ரெலிபோன் எடுத்தார். அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். நேற்றுக் குடும்ப நாளுக்கு நீ ஏன் வரவில்லை, உன் சிநேகிதி வந்திருந்தார் தெரியுமா என்றார். நான் யார் என்று கேட்டேன். அக்காதான். தொழிற்சாலை மூடிய பிறகு பிரெஞ்சு வகுப்புக்குப் போய்வந்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் கூடப் படித்த பெரு நாட்டுப் பெண்ணொருத்தியின் காரில் வந்திருக்கிறார். இப்போது நன்றாகவே பேசுகிறார் என்று ஜில் வியந்தார். சீட்டு விளையாட்டு நடக்கும்போது கழகத்தார் சூழ்ந்து நின்று என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். யாரோ, இவ்வளவு யோசனையும் அந்தப் பெண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். அக்கா பிரெஞ்சில், எல்லாருக்கும் கேட்க, பதில் சொல்லியிருக்கிறார்.

"எல்லாம் அவள் யோசித்தது. தைத்தது மட்டும் நான்."

ஜில் இதை எனக்குச் சந்தோஷமாகச் சொன்னார். அப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் கொடுத்துவைக்க வேண்டும் என்றார். நான் ரெலிபோனை வைத்துவிட்டு, அலுவலகத்தில் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, கார்ட்டியர்வில்லுக்குப் போனேன்.

அக்கா வேலையால் வந்து குசினியில் நின்றார். இரண்டு மணிக்கட்டிலும் பட்டி சுற்றியிருந்தது. மேசையில் பிரெஞ்சுப் பயிற்சிக் கொப்பி. தேத்தண்ணி வைத்தார். நான் குடிக்கவில்லை.

"ஜில் ரெலிபோன் எடுத்தவர்," என்றேன்.

"ஓம், நேத்துக் கண்டனான். ஆள் மெலிஞ்சு போனார்."

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

அவர் மணிக்கட்டுப் பட்டியை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"அண்டைக்கு, கன்ரீனிலையே. அவர் உன்ரை பக்கம் தலையைத் தட்டிக் காட்டினவர், என்ரை பக்கம் ஊசி இழுத்துக் காட்டினவர். அதுக்குப் பிரெஞ்சு வேணுமே பிள்ளை?"

"அப்ப நான் ரெலிபோனிலை கேட்டதெல்லாம்…"

"நானும் அந்தக் கோயிலுக்குத்தானே போறனான். அங்கை ஒரு விளையாட்டும் நடக்கேல்லை."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் தேற்ற வந்துவிடுவார் என்று பயந்து அடக்கிக்கொண்டேன். கோபம் இல்லையா என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

"இருந்தது. கன நாள் இருந்தது," என்றார். "இப்பவும் சில நேரம் விரிப்பு மடிக்கேக்கை வரும். அதுக்காக அத்தனை பேருக்கு முன்னாலை உன்னைத் தோக்கவிட என்னாலை ஏலாது."

"நான் போய் அவையளிட்டை உண்மையைச் சொல்லட்டே?"

அக்கா என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கடுமை இருக்கவில்லை.

"இதுக்கும் என்னட்டை யோசனை கேக்காதை," என்றார்.

எனக்கு மூன்று கிழமை எடுத்தது. பிறகு ஒரு சனிக்கிழமை ஜில்லின் வீட்டுக்குப் போனேன். கராஜில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சோக்குப் பை, பிஸ்கற், சீட்டு, பனிக்கட்டி, பொம்மை வேண்டாமென்றது யார், ஏன், முதியோர் இல்லத்துப் பந்து வரைக்கும். இந்த முறை 'அவர்' என்றேன், ஒவ்வொரு வசனத்திலும் 'அவர்'. ஜில் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கையுறைகளைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். நண்பருக்கு அன்று இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். யோசிக்க ஒருவர், கூட நின்று செய்ய ஒருவர். இந்த அம்மாவையும் சேர்க்கலாமா என்று ஜில்லே கேட்டிருக்கிறார். தைக்க மட்டும் தெரிந்தவரென்றால் மொழி இல்லாமல் சிரமம் என்று நண்பர் விட்டுவிட்டார். பிறகு வேறொரு பையனை எடுத்தார்கள். "யோசித்தது அவர் என்று நீ சொல்லியிருந்தால் அவரைத்தான் எடுத்திருப்பார்," என்றார் ஜில். "அவருக்காகப் பேச உன்னையும் எடுத்திருப்பார். வேறு வழியே இருந்திருக்காது."

நான் வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

அலுவலகத்திலும் சொன்னேன். முதலாளி முகம் சுளித்தார், நடந்தது நடந்துவிட்டது என்றார், என்னை வைத்துக்கொண்டார். புதிதாக ஆள் எடுக்க அப்போது இடமில்லை என்றார். ஜில் கழகத்தில் எல்லாருக்கும் சொல்லியிருந்தார். அடுத்த குடும்ப நாளில் அக்காவை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டினார்களாம். அவரே பிரெஞ்சில் சீட்டு விளையாட்டை நடத்தினாராம். கை நடுங்கும் முதியவருக்கு அந்த வருடம் ஒன்றும் படவில்லை என்பதால், விதியை அந்த இடத்திலேயே மாற்றி, படாத குண்டுக்கும் ஒரு சீட்டு இழுக்கலாம் என்று அறிவித்தாராம். இதெல்லாம் ஜில் சொல்லித் தெரியும். நான் போகவில்லை.

அக்கா இன்னும் இரண்டு வருடம் விரிப்பு மடித்தார். பிறகு வலது மணிக்கட்டில் சத்திர சிகிச்சை செய்து, வேலையை விட்டார். ஊசியைப் பிடிக்கும் விரல் இப்போது முழுதாக மடிவதில்லை. கோயிலில் கண்டால் நகர்ந்து எனக்குப் பக்கத்தில் இடம் தருவார். 'பிள்ளை' என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார். ஜில்லிடம் நான் போய்ச் சொன்னது அவருக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை, ஆனால் அந்தக் கிறிஸ்மஸுக்குப் பலகாரம் கொண்டுவந்து தந்தார்.

இரண்டு பேருக்கும் இடம் இருந்தது என்று ஜில் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன். இரண்டு முறையும் அவர் அந்தக் கையை மற்றக் கையால் பிசைந்துகொண்டிருந்தார்.